மாதிரிப் போர்க்கப்பலும் அதன் சிறு படகுகளும்

மாணவர் கைவினைப் பொருட்காட்சிகளில் மாதிரிப் போர்க்கப்பல்கள் எப்பொழுதும் கூட்டத்தை ஈர்ப்பன. அட்டையிலும் பலகையிலும் பிளாஸ்ரிக்கிலும் ஆக்கப்பெற்ற அக்கப்பல்களின் பீரங்கிகள் நீண்டு விளங்கும். புகைபோக்கிகள் நிமிர்ந்து நிற்கும். கொடிக்கம்பத்திற் சிறு மின்விளக்கும் ஒளிரும். காண்போர் வியப்பர், நடுவர் பரிசளிப்பர். ஆயின், கப்பலின் இருமருங்கும் தொங்கும் சிறு படகுகளை உற்று நோக்குவார் சிலரே. நோக்கின், அவை பெரும்பாலும் அவரை விதை போன்ற கட்டிகளாகவே இருக்கக் காண்போம். உட்குழிவு இல்லை, அமர்பலகை இல்லை, தண்டு இல்லை, சுக்கான் இல்லை. இஃது அற்பக் குறையென்று பலர் கருதுவர். நாம் அங்ஙனம் கருதவில்லை. மாதிரிக் கப்பலின் தரத்தை அதன் படகுகளைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. அதற்குரிய காரணங்களை இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வோர்க்கும் உடனாசிரியர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

மலைநாட்டிலிருந்து தமிழ் கற்பிப்போர்க்குக் கப்பலோடு யாது தொடர்பு என வினவுவார் இருக்கலாம். தொடர்பு மொழியிலேயே உண்டு. நாவாய், வங்கம், கலம் என்றும், ஓடம், தோணி, பஃறி, திமில், அம்பி என்றும் நீரில் மிதப்பனவற்றுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கியவர் நம் முன்னோர். பெருங்கலத்துக்கு ஒரு பெயரும் சிறு படகுக்கு ஒரு பெயரும் வைத்தமையே, இரண்டையும் அவர்கள் கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சான்றாகும். அவர்தம் கட்டுமரம் ஆங்கில மொழியினுள்ளும் சென்று குடியேறிற்று. அம்பிட்டியவில் வாழும் எமக்கு 'அம்பி' என்னும் சொல் செவியில் இனிப்பது இயல்பே. எனினும் ஒலியொப்புமையைக் கொண்டு உறவு கொண்டாடுதல் சொல்லாராய்ச்சி ஆகாது என்பதை மாணவர் மறவாதிருப்பாராக. மேலும், கடல் காணாத கண்டி மாநகரின் அயலிலேதான், 1944ஆம் ஆண்டில், கடற்படைத் தலைவரான மவுண்ற்பேற்றன் பிரபு பேராதனையில் அமர்ந்து தென்கிழக்காசிய நேசப்படைகளை நடத்தினார். ஆதலின் கடலைப் பற்றி மலையிலிருந்து சிந்தித்தல் புதுமையன்று.

நம்மவர் நன்கறிந்த போர்க்கப்பல் ஒன்றனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதுவே 'எம்டன்'. எவர்க்கும் அகப்படாத சூழ்ச்சியும் துணிவும் உடைய ஒருவனை 'அவன் பெரிய எம்டன்' என்று தமிழர் கூறும் வழக்கு அக்கப்பலாற் பிறந்தது. 1908ஆம் ஆண்டு டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பெற்ற அச்செருமானியக் கப்பல், 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி, எண்ணெய்த் தாங்கிகளை எரியூட்டிச் சென்றது. அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று சென்னை உயர்நீதிமன்ற மதிற்புறத்தில் உளது. அதன் தலைவர் கார்ல் வொன் முல்லர். மூன்று புகைபோக்கிகளே உடைய தம் கப்பலுக்குப் பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டி நிறுத்தி, அதனைப் பிரித்தானியக் கப்பல்போலத் தோன்றச் செய்தவர் அவர். ஒரு கப்பலை மற்றொன்றின் மாதிரியாக்கும் கலையை அவரும் அறிந்திருந்தார் போலும்!

எம்டன் என்றவுடன் பீரங்கியையே நினைக்கின்றோம். ஆயின் அதன் அன்றாடத் தொழிலை நடத்தியவை படகுகளே. எதிர்ப்பட்ட வணிகக் கப்பலை நிறுத்தி, அதன் தாள்களைச் சோதிக்க வீரர் சென்றது படகில். அக்கப்பலை மூழ்கடிக்குமுன் அதிலிருந்தோர் வெளியேறியதும் படகில். இங்ஙனம் பிடிபட்ட வணிகக் கப்பல்கள் இருபதுக்கு மேற்பட்டவை. 1914ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28ஆம் நாள் பினாங்குக்கு அப்பால் 'மூஸ்கே' என்னும் பிரெஞ்சுப் போர்க்கலத்தை அது மூழ்கடித்தபின், நீரில் தத்தளித்த பகைவரை மீட்டதும் அதே படகுகளே.

இனி, அக்கப்பலின் இறுதிநாளை நோக்குக. 1914ஆம் ஆண்டு நவெம்பர் 9ஆம் நாட் காலை, கொக்கோஸ் தீவுக் கூட்டத்துள் ஒன்றாகிய டிரெக்சன் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கும்பொருட்டு, ஹெல்முத் வொன் மியுக்கே என்பார் தலைமையில் ஐம்பதின்மர் கரையிறங்கினர். நீராவிப் படகொன்று, வீரரைச் சுமந்த வேறிரு படகுகளை இழுத்துச் சென்றது. அவர்கள் கரையில் இருக்கும்போதே அவுஸ்திரேலியக் கப்பலாகிய 'சிட்னி' தோன்றிற்று. எம்டன் அவர்களை விடுத்துப் போருக்குப் புறப்பட்டது. அடிபட்டு, வட கீலிங் தீவின் பவளப்பாரில் ஏறி அழிந்தது. கரையில் நின்றோரோ 'ஆயிசா' என்னும் பாய்க்கப்பலைக் கைப்பற்றி அன்றே கடலிற் புகுந்து, பின்னர் வேறு கப்பலேறி அரேபியாவை அடைந்து, 1915ஆம் ஆண்டு மே மாதத்திற் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரைச் சேர்ந்தனர்.

இவ்வரலாறு மாதிரி செய்வோனுக்குக் கற்பிப்பது யாது? சென்னையைத் தாக்கிய இரவின் எம்டனைச் செய்பவன் எல்லாப் படகுகளையும் அவற்றின் இடத்தில் வைக்கலாம். சிட்னியோடு பொருத காலையின் எம்டனைச் செய்பவனோ, கரைக்குச் சென்ற மூன்று படகுகளையும் வைத்தல் பிழை. அங்கே அவன் காட்டவேண்டுவது வெற்றிடம். படகைத் தூக்கி இறக்கும் வளைதண்டுகள் வெளிப்புறம் திரும்பி நிற்க, அவற்றின் கயிறுகள் வெறிதே தொங்குதல் வேண்டும். நிறமும் அவ்வாறே. அமைதிக் காலத்தில் வெண்ணிறம் பூண்டு 'கிழக்கின் அன்னம்' எனப் பெயர் பெற்ற அக்கப்பல், போர் மூண்டபின் சாம்பல் நிறம் பூண்டது. எனவே நுண்விவரம் என்பது மேன்மேலும் எதையேனும் ஒட்டிக்கொண்டே போவதன்று. 'எந்தக் கப்பல், எந்த நாள்?' என்னும் வினாவுக்கு விடை கண்டபின், அவ்விடைக்கு மாறாகாதவாறு செய்வதே நுண்விவரம். அஃது அணியன்று, அறிவு.

செய்முறைக்கு வருவோம். 350இல் ஒரு பங்கு என்னும் அளவையில், 118 மீற்றர் நீளமுடைய எம்டன் ஏறத்தாழ 34 சென்றிமீற்றர் ஆகும். அவ்வளவையில் ஒரு மில்லிமீற்றர் 35 சென்றிமீற்றரைக் குறிக்கும். படகின் விளிம்பு ஒரு மில்லிமீற்றர் தடித்திருப்பின், அதன் பொருள் யாது? அப்படகின் பலகை 35 சென்றிமீற்றர் தடிப்புடையது என்பதாகும். அது படகன்று, கோட்டை மதில்! ஆகவே முதல் வேலை, விளிம்பை உட்புறமாக அரத்தாளால் தேய்த்து மெலிதாக்குவதே. இவ்வொன்றைச் செய்தாலே கட்டி படகாகத் தோன்றத் தொடங்கும். அடுத்து அமர்பலகைகள். எழுதுதாளின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. அது மூன்றரைச் சென்றிமீற்றர்ப் பலகைக்கு ஒப்பாகும். ஆதலின் தாளை மெல்லிய கீற்றாக வெட்டிக் குறுக்கே ஒட்டுதல் போதும். தண்டுக்கு, மின்கம்பியினுள் இருக்கும் செப்பிழை பொருந்தும். 0.2 மில்லிமீற்றர் இழையை 14 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, ஒரு நுனியைத் தட்டித் தட்டையாக்கினால், ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளமுள்ள தண்டு கிடைக்கும். படகு சீலையால் மூடப்பட்டதாயின், மெல்லிய தாளை நீர்த்த பசையில் நனைத்துப் போர்த்தலாம். அப்பொழுது உள்ளே ஒன்றும் செய்யவேண்டுவதில்லை.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். பிரித்தானியக் கடற்படையில் நெடுங்காலம் வழங்கிய 27 அடி 'உவேலர்' படகை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னும் பின்னும் கூர்மையானவை. அதற்குத் தண்டுகள் ஐந்து. ஒரு மருங்கில் மூன்று, மறுமருங்கில் இரண்டு. அழகு கருதி இருபுறமும் மும்மூன்று வைத்த மாணவனின் கை தேர்ந்ததாயினும் கண் தேர்ந்ததன்று. நடுவர் அப்படகைப் பார்த்து அவனை வினவுதல் வேண்டும். பீரங்கியை நூறு படங்களிற் காணலாம்; ஐந்தாம் தண்டையோ தேடியவனே காண்பான்.

'கண்ணுக்குத் தெரியாததற்கு இத்துணைப் பாடு ஏன்?' என்பாருக்கு எம் விடை இது. கண்ணுக்குத் தெரியாததைச் செய்யவேண்டா. படகின் அடியில் மழைநீர் வடிவதற்கு ஒரு துளை உண்டு. மூன்று சென்றிமீற்றர் அகலமுள்ள அத்துளை, நாம் கூறிய அளவையில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனை விட்டுவிடலாம். 48இல் ஒரு பங்கு என்னும் பெரிய மாதிரியில் அது 0.6 மில்லிமீற்றர் ஆகும்; அங்கே அதனை விடுதல் குறையாகும். எங்கே நிறுத்துவதென்பதைக் கணக்கு கூறும். மாணவன் அக்கணக்கைத் தானே போடுதல் வேண்டும். கணிதமும் சரித்திரமும் தமிழும் ஒரே மேசையிற் கூடுவதற்கு இதனினும் நல்ல வாய்ப்பு யாது?

இன்னொரு தடையும் உண்டு. அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளும், முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்த படகுகளும் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. பணமுள்ளவன் அவற்றை வாங்கி ஒட்டிவிடுகின்றான். அவற்றை நாம் இகழவில்லை. செய்திறனில் அவை சிறந்தவை. ஆயினும் வாங்கிய படகு, அதனை வடித்தவனின் அறிவைக் காட்டுமேயன்றி, ஒட்டியவனின் அறிவைக் காட்டாது. தோட்டத்து லயத்திலிருந்து வரும் சிறுவன் தாளாலும் செப்பிழையாலும் செய்த படகு, விலைக்கு வாங்கியதற்கு முன்னால் தலைகுனிய நேருமாயின், பொருட்காட்சி பெற்றோரின் பணப்பைக்குப் பரிசளிப்பதாக முடியும்.

மூன்றாவது தடை சிந்திக்கத் தக்கது. நெடிய போரைக் கண்டு, 2009ஆம் ஆண்டில் அது முடிந்தபின் ஆறுதல் தேடும் இந்நாட்டில், பிள்ளைகள் போர்க்கப்பல் செய்தல் தகுமா? தகும் என்றே நாம் கூறுவோம். ஆனால் படகுகளோடு செய்தல் வேண்டும். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 9ஆம் நாள், மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் யப்பானிய விமானங்கள் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். ஏறத்தாழ அறுநூற்றுவர் 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பலால் மீட்கப்பெற்றனர். அக்கப்பலின் சிதைவு இன்றும் நம் கடலடியிற் கிடக்கின்றது. பெருங்கப்பல் மறைந்தபின் மனிதனுக்கு வேண்டுவது பீரங்கியன்று. பற்றிக்கொள்ள ஒரு மிதவை, ஏறியமர ஒரு பலகை. போர்க்கப்பலில் உயிர் காக்கும் உறுப்பு படகே. பீரங்கியை நுணுக்கமாகச் செய்து படகைக் கட்டியாக விடுபவன், கொல்லும் பகுதியைக் கற்றுக் காக்கும் பகுதியைக் கல்லாது விட்டவனாவான். நம் மாணவர் எதனை வியக்கக் கற்கின்றனர் என்பது ஆசிரியராகிய நம் பொறுப்பன்றோ?

மலைநாட்டார்க்கு இன்னுமொரு காரணம் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது, எம்டன் சென்னையைத் தாக்கிய அதே 1914ஆம் ஆண்டில். அதற்கு முன்னர், கோப்பித் தோட்டக் காலத்தில், நம் மாணவர் பலரின் முன்னோர் அக்கடலைக் கடந்தது சிறு பாய்மரத் தோணிகளிலேயே. அத்தோணியின் அமர்பலகை எத்துணை அகலமுடையது, அதில் எத்தனை பேர் நெருங்கியிருந்தனர் என்று எண்ணிப் பார்க்கும் மாணவனுக்குச் சிறு படகு விளையாட்டுப் பொருளாகத் தோன்றாது.

ஆகவே ஜூபிலி ஆண்டில் நாம் வேண்டுவன சில. பொருட்காட்சியிற் படகுகளுக்கெனத் தனிப்பரிசு ஒன்று அமைக்க. ஒவ்வொரு மாதிரியோடும் ஒரு தாள் இருத்தல் வேண்டும். அதில் கப்பலின் பெயர், காட்டப்படும் நாள், அளவை, படகுகளின் தொகை, அவற்றை மாணவன் எங்ஙனம் அறிந்தான் என்பவை நல்ல தமிழில் எழுதப்படுக. விலைக்கு வாங்கிய உறுப்புகள் எவையென அதிலேயே குறிக்கப்படுக. கைவினைக்குரிய பாடவேளையைப் பரீட்சை நெருங்குகின்றது என்னும் காரணங்காட்டிப் பிற பாடங்கள் கவர்ந்துகொள்ளாதிருக்க. துறைமுகங்களிலும் கப்பல்களிலும் பணியாற்றும் பழைய மாணவர்கள், தாம் காணும் படகுகளை அளந்து, வரைந்து, நிழற்படமெடுத்து அனுப்புவாராக. பணக்கொடையினும் அக்கொடை எமக்குப் பெரிது. காலிக் கோட்டையிலுள்ள கடல்சார் நூதனசாலைக்கு மாணவரை ஒருமுறை அழைத்துச் செல்லவும் அவர்கள் துணைபுரிவாராயின் நன்று.

நம் கல்லூரியில் மாதிரிக் கப்பல் செய்யும் மாணவருள் கப்பற்றலைவராக வருவோர் மிகச் சிலரே. ஆயினும் மருந்து அளப்போரும் கணக்கு எழுதுவோரும் பாலம் கட்டுவோரும் அவர்களிடையே இருப்பர். எவரும் பாராத இடத்திலும் அளவு பிழையாது செய்யும் பழக்கம் அவர்தம் கையிற் படியுமாயின், விரல்நுனியளவு படகில் அவர்கள் செலவிட்ட மாலைப்பொழுதுகள் வீண்போகா. அப்பழக்கம் நம் மாணவரிடம் வளர்க. நம் கல்லூரி வாழ்க.