உள்ளங்காலை யார் பார்த்தது?

"கறுப்பா இருக்கிறவங்களுக்கு எங்கேயாவது தோல் புற்று வருமா சார்?" மெடிக்கல் லீவை நீட்டிக்க மனு கொடுத்தபோது எங்கள் வங்கிக் கிளையில் ஒருவர் கேட்டார். கேலி இல்லை, நெசமாவே நம்பித்தான் கேட்டார். இந்த நம்பிக்கைதான் என் இடது குதிகாலில் 8 மாதம் உட்கார்ந்திருந்தது.

முதலில் மிளகளவு கறுப்புப் புள்ளி. வலி இல்லை. அம்மா ஆணின்னு சொன்னாங்க. மருந்துக்கடையில் ஆணிக்குப் பிளாஸ்திரி கொடுத்தார்கள். ஒரு டாக்டர் காலைத் தொடாமலே, நாற்காலியில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்து, அதே ஆணியைச் சீட்டில் எழுதினார். புள்ளி பரவி, ஓரம் கோணி, நீர் கசிந்த பிறகுதான் வேறோர் ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கை வெட்டிச் சோதித்தார்கள். மெலனோமா.

தோல் புற்று வெள்ளைக்காரர்களின் நோய், வெயிலில் காய்வதால் வருவது என்பது பொதுப்புத்தி. மொத்தக் கணக்கில் வெள்ளைத் தோலுக்கு அதிகம் வருவது உண்மைதான். ஆனால் கறுத்த தோலில் மெலனோமா வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்தான் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. யாரும் பார்க்காத இடங்கள். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. பந்து விளையாடிய காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1977இல் புற்று என்று தெரிந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981இல் செத்துப்போனார், 36 வயதில்.

எனக்குப் புள்ளியைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டினார்கள். தொடையிடுக்கில் ஒரு நெறியை எடுத்துச் சோதித்தார்கள், பரவவில்லை. தொடைத் தோலை உரித்துக் குதிகாலில் ஒட்டினார்கள். வெட்டின இடத்தைவிட உரித்த இடம்தான் எரிந்தது. 6 வாரம் கால் ஊன்றக் கூடாது. கவிதை எழுதுறீங்களான்னு தோழர்கள் கேட்டாங்க. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக் கிடப்பவனுக்கு மூத்திரம் போவதே பெரிய காரியம். உடல் அரசியல் பற்றிக் கூட்டங்களில் பேசியவன் நான். என் உள்ளங்காலை நானே பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு செங்கல் சூளைத் தொழிலாளி. சின்ன வயசில் தீப்பட்ட தழும்பு, அடிக்கடி புண்ணாகி, கடைசியில் புற்று. பழைய தீத்தழும்பிலும் தோல் புற்று முளைக்கும். எனக்குச் சம்பளத்தோடு லீவு. அவருக்குக் காப்பீட்டு அட்டை அறுவைக்கு உதவியது. வேலையில்லாத வாரங்களுக்கு அரிசி வாங்க உதவாது. புண் ஆறுவதற்குள் சூளைக்குத் திரும்பிட்டார்.

தொடைத் தோல் குதிகால் தோல்போலத் தடித்ததில்லை. வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு போடணும் என்றார் டாக்டர். எங்க தாத்தா ஊர்த்தெருவைக் கடக்கையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டவர். பேரனுக்குச் செருப்பு மருந்துச்சீட்டில் வந்திருக்கிறது. போன மாசம் போட்டுக்கொண்டே அந்தத் தெருவில் நடந்தேன். திண்ணையில் இருந்தவர் என் காலைத்தான் பார்த்தார். நம்ம காலை அவர்கள் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், செருப்பு இருக்கிறதா என்று. அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. டாக்டரும் பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை.

மருத்துவம் படிக்கிற தோழர்களே, சேரிக்கு முகாம் போட வருகிறீர்கள். ரத்த அழுத்தம் பார்த்ததோடு எழுந்துவிடாதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், காலைத் தொட்டுத் திருப்பிப் பாருங்கள். எல்லாக் கறுப்புப் புள்ளியும் புற்று இல்லை. ஆனால் புதிதாக வந்து வளர்கிற புள்ளி, நிறமும் ஓரமும் மாறுகிற புள்ளி, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, ஆறாத புண் — இவற்றை ஆணி என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

நான் 3 மாசத்துக்கு ஒருமுறை காலைக் காட்டப் போகிறேன். நீங்கள் இன்று ராத்திரி கால் கழுவும்போது திருப்பிப் பாருங்கள். சரியாகத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலைக் காட்டுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.