வாசலுக்கு அழகு நாவலும் இலந்தையும்

தூத்துக்குடியில் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் உப்பளம். சித்திரை வெயிலில் அங்கே தெருவில் நடந்தவர்களுக்குத்தான் மர நிழலின் அருமை தெரியும்.

புது வீடு கட்டுகிறவர்கள் வாசலில் மரம் வைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் எந்த மரம்?

பலர் விரும்புவது நெருப்பு நிறத்தில் பூக்கும் குல்மொகர் மரத்தை. அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. பூ அழகுதான். ஆனால் வறட்சியில் இலை கொட்டும். பலத்த காற்றில் கிளை முறியும்.

நாவல் மரத்துக்கு என்ன குறை? ஆண்டு முழுவதும் பச்சைப் பசேல் என்று நிற்கும். சிறு வெள்ளைப் பூக்களைத் தேனீக்கள் மொய்க்கும். ஆனி, ஆடியில் பழம் பழுத்தால் பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் கொண்டாட்டம்! இந்த நாட்டுக்கே நாவலந்தீவு என்று பெயர் உண்டு. 1931-ல் திறக்கப்பட்ட புது டில்லியிலும் பெரிய சாலைகள் சிலவற்றின் ஓரம் நாவல் மரங்களை வரிசையாக நட்டார்கள்.

"பழம் விழுந்து தரை கறையாகிறதே!" என்று வீட்டுப் பெண்கள் சலித்துக் கொள்வது உண்டு. நியாயமான பேச்சுதான். அதற்காக மரத்தை வெட்ட வேண்டாம். சுவரை விட்டு இருபது அடி தள்ளி, மண் தரையில் நட்டால் போதும். கொட்டையைக் காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும். முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்க்க எட்டு, பத்து ஆண்டு ஆகும். நிழல் அதற்கு முன்பே வந்துவிடும்.

உப்பும் மணலுமான இடமா? அங்கே இலந்தை வைக்கலாம். வறட்சியையும் உப்பையும் அது தாங்கும். முள் உண்டு, மெய்தான். நடைபாதையை விட்டுத் தள்ளி வைத்து, பழம் ஓய்ந்ததும் ஆண்டுதோறும் கிளைகளைக் கழித்துவிட்டால் குடைபோல் அழகாகப் படரும். மார்கழி, தை மாதங்களில் பழம் கிடைக்கும். வீட்டிலேயே இலந்தை வடை இடிக்கலாம்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அந்தச் செல்வத்தை ஒரு குடும்பம் நினைத்து மீட்க முடியாது. ஆனால் ஒரு மரத்தை வளர்க்க ஒரு குடும்பம் போதும். இன்று தாத்தா ஊன்றும் கொட்டை, நாளை பேரன் நிற்கும் நிழல்.