நீண்ட சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டா



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு நாகபுரியில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், மாலை விளக்கேற்றிய பின் பிள்ளைகள் பாடம் படிக்கும் ஓசை கேட்கிறது. அதைக் கேட்டு மகிழ்கிறோம். ஆயின், அவர்கள் அருகில் சென்று அமர்வோர் நம்முள் எத்தனை பேர்? இக்கேள்வியை முதலில் நம்மையே கேட்டுக்கொண்டு இத்திங்கள் எழுதத் தொடங்குகிறோம்.

நம் மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் வழியாகப் பயில்கிறாள். ஒருநாள் இரவு உயிரியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கண் கலங்கினாள். “ஆர்த்ரோபோடா, எக்கினோடெர்மேட்டா, காஸ்ட்ரோபோடா! இவற்றை எத்தனை முறை எழுதினாலும் விடிந்தால் மறந்துபோகிறது, அப்பா” என்றாள். “இன்னும் பத்து முறை எழுது” என்று சொல்லிவிட்டு நாம் நாளிதழை விரித்துக்கொண்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்த நமக்கு அச்சொற்களின் பொருள் தெரியாது. தெரியாது என்று மகளிடம் ஒப்புக்கொள்ளவும் நா எழவில்லை. நாளிதழ் நம் முகத்தை மறைக்கவே உதவிற்று.

அப்பொழுது அடுக்களையிலிருந்து நம் இல்லாள், “அந்த முதற்சொல் எந்தப் பிராணிகளைக் குறிக்கிறது, அம்மா?” என்று வினவினாள். “நண்டு, இறால், தேள், கரப்பான்” என்று விடை வந்தது. “அவற்றைக் கணுக்காலிகள் என்றல்லவா நாங்கள் எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தோம்? கரும்பில் கணு இருப்பதுபோல் அவற்றின் காலிலும் கணு உண்டு” என்றாள் அவள். மகளின் முகத்தில் ஒரு தெளிவு தோன்றியதைக் கண்டோம்.

மறுநாள் பணி முடிந்ததும் நம் சங்கத்து நூலகத்திற்குச் சென்று, சொற்களின் பிறப்பைக் கூறும் ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டினோம். ‘ஆர்த்ரான்’ என்றால் கிரேக்க மொழியில் மூட்டு. ‘போடோஸ்’ என்றால் காலினுடைய. கணுக்காலி என்பதும் அதுவே! எதிர்வீட்டு மராத்திப் பிள்ளை தன் புத்தகத்தில் இதனையே ‘சந்திபாத’ என்று படிக்கிறான். சந்தி என்றாலும் மூட்டுத்தான். பாதம் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. மூன்று மொழிகளும் ஒரே பொருளை ஒரே முறையில் இணைத்துச் சொல்கின்றன.

ரயில் வண்டியில் பெட்டிகளை இணைக்கும் கொக்கியைக் கழற்றினால் ஒவ்வொரு பெட்டியும் தனியே நிற்கும். இச்சொற்களும் அத்தகையனவே. ‘காஸ்டர்’ என்பது வயிறு. ஆகவே காஸ்ட்ரோபோடா என்பது நத்தை முதலிய வயிற்றுக்காலிகள். ‘கெஃபலே’ என்பது தலை. கணவாய் முதலியவை தலைக்காலிகள். ‘எக்கினோஸ்’ என்பது முள்ளெலியையும் கடல் முள்ளியையும் குறிக்கும். ‘டெர்மா’ என்பது தோல். இரண்டும் சேர்ந்தால் முட்தோலிகள். ‘தெரோன்’ என்பது இறகு. ‘லெபிஸ்’ என்பது செதில். வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடியே அச்செதில். ஒரு கால் தெரிந்தால் மூன்று பிராணிகளின் பெயர் தெரிகிறது; ஒரு தோல் தெரிந்தால் மேற்றோலுக்குரிய ‘எபிடெர்மிஸ்’ என்பதும் விளங்குகிறது.

செடிகொடிகளிலும் இதே வழக்கம். ‘குளோரோஸ்’ என்றால் வெளிர்பச்சை, ‘ஃபில்லான்’ என்றால் இலை. 1817-ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, கவந்து என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் இலையிலிருந்து பிரித்தெடுத்த பச்சைப் பொருளுக்குக் குளோரோஃபில் என்று பெயர் வைத்தனர். நாம் அதனைப் பச்சையம் என்கிறோம். இலைத்துளையைக் குறிக்கும் ‘ஸ்டோமா’ என்பதற்கு வாய் என்று பொருள். ‘சைலம்’, ‘ஃபுளோயம்’ என்னும் இரண்டையும் 1858-இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் நேகலி வழக்கிற்குக் கொண்டுவந்தார். முன்னது மரக்கட்டை என்னும் சொல்லிலிருந்தும், பின்னது மரப்பட்டை என்னும் சொல்லிலிருந்தும் பிறந்தவை. வேரின் நீர் கட்டைப் பக்கமாக ஏறுகிறது. இலை சமைத்த உணவு பட்டைப் பக்கமாகச் செல்கிறது. இதனை அறிந்தபின் நம் மகள் அவ்விரண்டையும் மாற்றி எழுதியதில்லை.

இன்னும் ஒன்று. கிரேக்க நாட்டுக் குழந்தை இன்றும், சிறு ஒலி வேறுபாட்டுடன், மரக்கட்டையையும் வாயையும் இலையையும் தோலையும் இச்சொற்களாலேயே அழைக்கிறது. அக்குழந்தைக்கு இவை அடுக்களைச் சொற்கள். நம் பிள்ளைகளுக்கு இவை கடினமாய் இருப்பது அறிவுக் குறையால் அன்று. அவை பிறர் வீட்டுச் சொற்களாய் இருப்பதால். இதனைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுதல் நன்று.

இவ்வாறு சில நாள் சென்றபின் நமக்குத் துணிவு மிகுந்துவிட்டது. துணிவு மிகுந்தால் என்ன நேரும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். உயிரினங்களின் பெரும்பிரிவைக் குறிக்கும் ‘ஃபைலம்’ என்னும் சொல்லுக்கு மகள் பொருள் கேட்டாள். “ஃபில் என்றால் இலையல்லவா? மரத்தில் இலைகள் பிரிவதுபோல் உயிர்கள் பிரிந்த பிரிவு” என்று அகராதியைத் தொடாமலே விளக்கம் அளித்தோம். அவள் அதனை நம்பி வகுப்பில் எழுதினாள். ஆசிரியை சிவப்பு மையால் அடித்துத் திருத்தியிருந்தார். மகள் வாய் திறவாமல் அக்குறிப்பேட்டை நம்முன் வைத்துவிட்டு நின்றாள்.

அகராதியைப் பார்த்தோம். இலைக்குரிய சொல்லில் ஆங்கிலத்தில் எல் என்னும் எழுத்து இரண்டு வரும், இதிலோ ஒன்றே. இது ‘ஃபிலோன்’ என்னும் வேறு சொல்; குலம் என்று பொருள். 1866-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் இதனைப் புகுத்தினார். “தவறு நம்முடையது, அம்மா, உன்னுடையது அன்று. எனக்குத் தெரியாமலே சொல்லிவிட்டேன்” என்றோம். தெரியாது என்னும் சொல்லை அவளிடம் நாம் சொன்னது அதுவே முதன்முறை. “பரவாயில்லை அப்பா, இனி இருவரும் பார்த்துவிட்டே எழுதுவோம்” என்றாள். நாளிதழின் பின்னே நாம் ஒளிந்திருந்த நாட்கள் எவ்வளவு வீண் என்பதை அன்று உணர்ந்தோம்.

அதன்பின் அவளே ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தாள். குருதி செல்லும் தமனியை ‘ஆர்ட்டெரி’ என்கின்றனர். இறந்தோர் உடலில் அக்குழல் வெறுமையாய் இருக்கக் கண்ட பழைய கிரேக்க மருத்துவர் சிலர், அதில் காற்றே செல்கிறது என்று கருதினர். மூச்சுக்குழலையும் அவர்கள் ‘கரடான ஆர்ட்டீரியா’ என்றே அழைத்தனர். கரடானது என்னும் அடைமொழியே இன்று ‘டிரேக்கியா’ என எஞ்சி நிற்கிறது. தமனியில் இருப்பது குருதியே என்று இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்னும் மருத்துவர் காட்டினார். அது உடலெங்கும் சுற்றி வருவதை 1628-இல் ஹார்வி நிறுவினார். கருத்து மாறிற்று, பெயர் மாறவில்லை. ஆகவே சொல்லைப் பிரித்தல் நினைவுக்குத் துணை, பாடத்திற்கு ஈடாகாது.

உடற்கூற்றைத் தமிழில் சொல்ல இயலுமா என்று ஐயுறுவோர், யாழ்ப்பாணத்தை நினைக்கலாம். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், பிற்காலத்தில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலும் தமிழில் வெளிவரச் செய்தார். நம் இல்லத்தில் ஒரு சொல்லைச் சொல்ல நாம் தயங்குவானேன்?

அன்பர்களே, பிள்ளையின் புத்தகம் முழுதும் நமக்கு விளங்க வேண்டுவதில்லை. அருகில் அமருங்கள். நீண்ட சொல் வந்தால் எங்கே பிரிகிறது என்று கேளுங்கள். ஊரில் படித்த தமிழ்ச்சொல் நினைவிருந்தால் சொல்லுங்கள். தாய்மார்களுக்கே அது மிகுதியாக நினைவிருக்கிறது என்பதை நாம் கண்டோம். ஐயம் வந்தால் அகராதியைத் திறவுங்கள். சங்கத்து நூலகத்தில் நாம் எடுத்த பிரதியை இவ்வாரமே திருப்பி வைத்துவிடுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அது பயன்படட்டும்.