சங்கிலியின் கடைசிக் கண்ணி



மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கடற்கரையோரமாகச் சென்றால், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சிதைவுகளைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டில் இச்சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்குகளுள் தலையாயது நம் நெசவாளர் நெய்த துணி. அத்துணி கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றது. அங்கே கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றப்பட்டது. அந்நறும்பொருள்கள் ஐரோப்பியச் சந்தையை அடைந்தன. நெய்தவன் அத்தீவுகளைக் கண்டதில்லை. ஆயினும் துணியின் நீளம், அகலம், நிறம் அனைத்தையும் அத்தொலைதூரச் சந்தையே முடிவு செய்தது. தரகர் வழியாக முன்பணம் வாங்கினான். சொன்ன அளவுக்கும் தரத்துக்கும் துணி ஒத்துவராவிடில் விலை குறைந்தது, அல்லது துணியே திரும்பி வந்தது. எனவே, நாடு கடந்து பொருள் செய்விக்கும் முறை இன்று பிறந்த புதுமையன்று.

இன்று அதே வட்டாரத்தில், மறைமலைநகரிலும் பரனூரையொட்டி எழுந்துள்ள மகிந்திரா தொழில் நகரிலும் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். அவர்கள் பூட்டும் ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான உறுப்புகளால் ஆனது அது. பெரிய நிறுவனம் ஓர் உறுப்பை வேறொரு நிறுவனத்திடம் கேட்கும். அந்நிறுவனம் அதன் பகுதிகளை இன்னொரு சிறு பட்டறையிடம் கேட்கும். பட்டறைக்கு வேண்டிய எஃகு ஒரு நாட்டிலிருந்தும், மின்னணுச் சில்லு மற்றொரு நாட்டிலிருந்தும் வரலாம். பொருளைக் கிடங்கில் தேக்கி வைத்தால் பணம் முடங்கும் என்பதால், தேவையான வேளையில், தேவையான அளவு மட்டுமே வந்து சேருமாறு நாளும் மணியும் குறித்துத் திட்டமிடுகின்றனர்.

இத்திட்டம் சிக்கனமானதே, ஆனால் மெல்லிய நூலில் தொங்குவது. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எவர் கிவன் என்னும் ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, ஆறு நாள் அவ்வழியே செல்லும் வாணிகத்தைத் தடுத்து நிறுத்தியது. அதே ஆண்டில் மின்னணுச் சில்லுகள் கிடைக்காமையால் உலகெங்கும் கார் ஆலைகள் வேலையைக் குறைக்க நேர்ந்தது.

இத்தகைய தடுமாற்றத்தின் சுமையை யார் தாங்குகிறார்? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா. மேலே உள்ளவர் விலையையும் கெடுவையும் குறிக்கிறார். அடுத்தவர் அதனைத் தமக்குக் கீழுள்ளவர்மீது இறக்குகிறார். இவ்வாறு இறங்கி இறங்கி, அச்சுமை ஒப்பந்தத் தொழிலாளியின் தோளில் வந்து அமர்கிறது. ஆர்டர் வந்தால் இரட்டை ஷிப்டு. வராவிட்டால் வீட்டில் அடுப்பு அணைகிறது.

ஃபோர்டு நிறுவனத்தின் வரலாறு நம்மவர் நன்கறிந்ததே. 1995-இல் இந்நாட்டில் காலூன்றி, 1999-இல் ஐகான் காரை வெளியிட்டது அது. மறைமலைநகரில் உருவான எக்கோஸ்போர்ட் கார்கள் அமெரிக்கத் தெருக்களிலும் ஓடின. பத்தாண்டுகளில் இருநூறு கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கூறி, 2021 செப்டம்பர் 9-ஆம் நாள் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ 4,000 ஊழியர் பாதிக்கப்படுவர் என்று நிறுவனமே கூறியது. ஆலையை நம்பியிருந்த சிறு பட்டறைக்காரரும், உணவு சமைத்தவரும், வண்டி ஓட்டியவரும் அவ்வெண்ணிக்கையில் அடங்கார். நிரந்தரத் தொழிலாளர் சங்கமாகக் கூடிப் பேசி இழப்பீடு பெற்றனர். கடைசிக் கண்ணியில் நிற்பவருக்கோ பேசுவதற்கு மேசையே இல்லை. 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக அவ்வாலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை நிறுவனம் அறிவித்தது நமக்கு மகிழ்ச்சியே. எனினும் மூடுவதும் திறப்பதும் கடல்கடந்த நகரத்தில் முடிவாகின்றன என்பதை மறத்தலாகாது.

நட்டமடைந்த தொழிலை எவரும் என்றென்றும் நடத்த வேண்டும் என்று திருச்சபை போதிக்கவில்லை. அது போதிப்பது வேறு. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் உரிமைக்குக் குரல் கொடுத்தார். அவ்வழியில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என்று இருவரைப் பிரித்துக் காட்டினார். தொழிலாளியோடு ஒப்பந்தம் செய்பவர் நேரடி முதலாளி. அவ்வொப்பந்தம் எப்படி அமையும் என்பதை வெளியே இருந்து நிர்ணயிக்கும் அரசு, நிறுவனங்கள், வாணிக ஏற்பாடுகள் யாவும் மறைமுக முதலாளியே. அடிமட்டத்து ஊதியம் குறுகுமாறு விலையைக் குறிப்பவர், ‘அவன் என் ஆளல்லன்’ என்று கைகழுவ இயலாது. பிலாத்து கைகழுவியதால் குற்றமற்றவனாகிவிடவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் ஓரளவு இவ்வழியே சென்றது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சிறு தொழிலகங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாள்களுக்குள் செலுத்த வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சட்டம்.

இனி நம் கடமை யாது? நம் பங்குகளில் பொறியியல் கற்றுக் கொள்முதல் பிரிவில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் உளர். அவர்கள் கேட்கும் உறுப்பைச் செய்யும் பட்டறையில் நிற்கும் பிள்ளைகளும் உளர். ஞாயிறு திருப்பலியில் இருவரும் ஒரே பந்தியில் நற்கருணை அருந்துகின்றனர். மேசையில் அமர்ந்திருப்பவர் இயலாத கெடு விதியாதிருக்கட்டும். சிறியவனின் பில்லை மாதக்கணக்கில் தூங்க விடாதிருக்கட்டும். தொழிலாளியோ தன் ஊதியச் சீட்டு, வைப்புநிதி எண், ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைப் பேணிக்காக்கட்டும்; சங்கத்தில் சேரத் தயங்காதிருக்கட்டும்; இரட்டை ஷிப்டு கிடைக்கும் காலத்திலேயே வேலையில்லாக் காலத்துக்குச் சிறிது எடுத்து வைக்கட்டும். பெற்றோர், மகன் ஒரே ஆலையின் ஒரே வேலையை மட்டும் அறிந்தவனாய் நின்றுவிடாமல், வேறொரு தொழிலும் கற்க ஊக்குவிக்கட்டும்.

திருவெளிப்பாடு நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில், வீழ்ந்த மாநகரின் வணிகர் விற்ற சரக்குகளின் பட்டியல் ஒன்று வருகிறது. பொன்னில் தொடங்கி, பட்டு, தந்தம், நறுமணப் பொருள், தானியம், கால்நடை என்று நீளும் அப்பட்டியலின் முடிவில் நிற்பது மனித உயிர். மனிதனையும் சரக்குகளோடு ஒன்றாக எழுதிய நகரம் நிலைக்கவில்லை. நம் கணக்கேடுகளில் அத்தகைய பட்டியல் இடம்பெறாதிருக்கட்டும்.

நாசரேத்தூரில் தம் கைகளால் உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர், நம் உழைப்பாளர் இல்லங்களையும் காத்தருள்வாராக.