பின்னால் நிற்பவன்

சிடாம் கிரி பக்கம் பள்ளித் திடல்களில் பையன்கள் அணி பிரிப்பதைக் கவனித்திருக்கிறேன். எல்லாருக்கும் முன்னால் ஓடி கோல் போடத்தான் ஆசை. "நீ பின்னால நில்லுடா" என்றால் முகம் தொங்கிவிடும். வீட்டிலும் அப்பா கேட்பது, "எத்தனை கோல் போட்ட?" தடுத்ததை யார் கேட்கிறார்கள்?

அந்தப் பையன்களுக்கு ஆர். ஆறுமுகத்தைச் சொல்ல வேண்டும். 1980 ஏப்ரலில், மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்றோம். வெற்றி கோலைப் போட்ட ஜேம்ஸ் வோங்கை இன்றும் பேசுகிறோம். கோல் கம்பத்தில் நின்றவர் நம் ஆறுமுகம், அவருக்கு முன்னே தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். நீண்ட கைகளால் எட்டிப் பிடிப்பதால் ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்பைடர்மேன்'.

அவ்வளவு பாடுபட்டும் மாஸ்கோ போகவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. 1988-இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். வயது 35தான்.

அந்த அணியின் கதையைத் தழுவி 2016-இல் வந்த படம் 'ஓலா போலா'. விடுமுறையில் பிள்ளைகளோடு பாருங்கள். அதில் கோல் கம்பத்தில் நிற்பவன் பெயர் முத்து.