ஐவர் ஓட்டும் ரோபோவா, அனைவரும் ஆடும் ஆட்டமா?

நம் தோட்டத்தில் கோழி கூவுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளில் துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்து, ஜூரோங்கிற்கு வேலைக்குச் செல்லும் தந்தையர் பலர் உளர். அவர்தம் பிள்ளைகளுக்கு ஜூரோங் என்பது வெறும் ஊர்ப்பெயர் அன்று. அப்பா இருட்டிலே போய் இருட்டிலே திரும்பும் இடம். அந்த ஜூரோங்கிலிருந்து நம் பள்ளி கற்றுக்கொள்ளத்தக்க ஒன்றைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத விழைகின்றோம்.

1961ஆம் ஆண்டில் சதுப்பு நிலத்தைத் திருத்தி அங்கே தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியபோது, அதற்கு வித்திட்ட டாக்டர் கோ கெங் சுவீயை நகையாடியவர் பலர். நகைத்தோர் வாயடைக்க ஆலைகள் எழுந்தன. 1977 டிசம்பரில் அதே வட்டாரத்தில் சிங்கப்பூர் அறிவியல் நிலையம் திறக்கப்பெற்றது. 2023 நவம்பரில் ஹூண்டாய் நிறுவனம் ஜூரோங்கில் திறந்த வாகன ஆலையில் மனிதரோடு ரோபோக்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. தந்தையின் தோளருகே இன்று ரோபோ நிற்கிறது. நாளை மகன் அதற்குக் கட்டளையிடுவானா, அதனால் வேலை இழப்பானா என்பதே நம்முன் உள்ள வினா.

இவ்வினாவை உணர்ந்த பெற்றோர் சிலர், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை கூறினர். உணவுச் சந்தையில் திரட்டிய பணத்தைக் கொண்டு விலையுயர்ந்த ரோபோப் பெட்டி ஒன்றை வாங்கலாம்; கெட்டிக்கார மாணவர் ஐவரைத் தேர்ந்து பயிற்றலாம்; போட்டிக்கு அனுப்பிக் கோப்பை கொணரலாம் என்பது அவர்தம் கருத்து. அவர்களது ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் நாம் வேறு கருத்துடையோம்.

போட்டிகள் தீயன என்று நாம் கூறவில்லை. சிங்கப்பூர் அறிவியல் நிலையம் 1999 முதல் தேசிய இளையர் ரோபோப் போட்டியை நடத்தி வந்தது. அதனால் பயன் பெற்ற பிள்ளைகள் பலர். ஆனால் அந்நாட்டார் போட்டியோடு நின்றுவிடவில்லை என்பதைக் கருத வேண்டும். 2014இல் ‘கோட் ஃபார் ஃபன்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, விரும்பிய பள்ளிகளில் கணினி நிரலாக்கத்தை விளையாட்டு முறையில் கற்பித்தனர். 2020 முதல் அதனை உயர் தொடக்கநிலை மாணவர் அனைவர்க்கும் உரியதாக்கினர். ஒரு பிள்ளைக்குப் பத்து மணி நேரமே. ஆனால் ஒரு பிள்ளையும் விடுபடுவதில்லை. சிலருக்குக் கோப்பை என்பதிலிருந்து எல்லார்க்கும் பத்து மணி நேரம் என்பதற்கு வந்தனரே, அதுவே நாம் ஜூரோங்குப் பக்கமிருந்து கற்க வேண்டிய பாடம்.

நிரலாக்கம் என்றவுடன் அஞ்ச வேண்டா. செய்ய வேண்டியதைப் படிப்படியாகப் பிரித்து, ஐயத்திற்கு இடமின்றி வரிசையாகக் கட்டளையிடுவதே அது. இதனைக் கற்பிக்க எளிய ரோபோ ஓட்டப்பந்தய ஆட்டம் ஒன்றை மாணவரைக் கொண்டே ஆக்குவித்தலினும் சிறந்த வழியை நாம் கண்டிலோம்.

இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவரோடு இதனைச் செய்து பார்த்தோம். சபைக்கூடல் மண்டபத்தின் தரையில் எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு கட்டங்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்தோம். இடையிடையே பூந்தொட்டிகளை வைத்தோம். ‘ஓர் அடி முன்னே செல்’, ‘இடப்புறம் திரும்பு’, ‘வலப்புறம் திரும்பு’ என எழுதிய அட்டைகளை இரு குழுவினர்க்கும் கொடுத்தோம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் ரோபோ. பந்தயம் தொடங்குமுன் அட்டைகளை வரிசையாக அடுக்கிவிட வேண்டும். தொடங்கிய பின் யாரும் வாய் திறக்கக் கூடாது. ரோபோ அட்டையில் உள்ளதை மட்டுமே செய்யும்.

முதல் ஓட்டத்திலேயே ஒரு ரோபோ பூந்தொட்டியில் முட்டி நின்றது. வகுப்பே நகைத்தது, ரோபோவாக நின்ற மாணவன் நாணினான். ‘அவன் அட்டையில் இல்லாத எதையாவது செய்தானா?’ என்று வினவினோம். இல்லை. பிழை நடந்தவனிடம் இல்லை, அடுக்கியவர்களிடம் இருந்தது. ‘இடப்புறம் திரும்பு’ என்றால் திரும்பி ஓர் அடியும் வைக்கும் என்று அவர்கள் எண்ணியிருந்தனர். திரும்புதல் வேறு, நடத்தல் வேறு. இந்த நுட்பத்தைக் கண்டு சொன்னவன், வாசிப்பில் மிகப் பின்தங்கியவன் என்று நாம் எல்லோரும் கருதியிருந்த ஒரு மாணவன். ஐவரைத் தேர்ந்திருந்தால் அவன் அவ்வைவருள் இருந்திருக்க மாட்டான்.

எட்டு முறை ஒரே அட்டையை அடுக்கிச் சலித்தபின், ‘எட்டு முறை செய்’ என்றோர் அட்டை வேண்டும் என்று மாணவரே கேட்டனர். பின்னர், ‘முன்னே தொட்டி இருந்தால் திரும்பு’ என்றோர் அட்டையும் கேட்டனர். மீளச் செய்தலும் நிபந்தனையும் நிரலாக்கத்தின் இரு தூண்கள். அவற்றை நாம் கற்பிக்கவில்லை, தேவை கற்பித்தது.

அதன்பின் கணினி அறைக்குச் சென்று ‘ஸ்கிராட்ச்’ மென்பொருளில் அதே பந்தயத்தைத் திரையில் அமைத்தனர். இரண்டு ரோபோக்களுக்கும் ஒரே கட்டளையைத் தந்ததால் ஒவ்வொரு முறையும் இரண்டும் சேர்ந்தே எல்லையை அடைந்தன. இதில் சுவையில்லை என்றாள் ஒருத்தி. தாயக்கட்டை உருட்டுவது போல் அடியின் எண்ணிக்கை ஒன்று முதல் ஆறு வரை தானே மாறி வரட்டும் என்றான் ஒருவன். அவ்வாறே செய்தனர். அப்படியானால் திறமைக்கு என்ன வேலை என்று பூசல் எழுந்தது. நல்வாய்ப்பு எவ்வளவு, அறிவு எவ்வளவு என்று பத்து வயதுப் பிள்ளைகள் அரைமணி நேரம் வாதிட்டதைக் கேட்டு நாம் வாயடைத்து நின்றோம்.

இம்முறை நம் கண்டுபிடிப்பன்று. 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் சேர்ந்து, சிறுவர்க்காக ‘லோகோ’ என்னும் கணினிமொழியை உருவாக்கினர். அதன் கட்டளைக்கேற்ப ‘ஆமை’ என்னும் சிறு பொறி தரையில் ஊர்ந்து கோடு வரையும். குழந்தை தன்னையே ஆமையாக எண்ணி நடந்து பார்த்தால் வடிவியலும் தன் உடம்பிலேயே விளங்கும் என்பது பேப்பர்ட்டின் கொள்கை. 1980இல் அவர் எழுதிய ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்னும் நூலின் பெயரையே லெகோ நிறுவனம் 1998இல் தன் ரோபோப் பெட்டிக்குச் சூட்டிற்று. 2007இல் வெளிவந்த ஸ்கிராட்சும் அம்மரபின் வழிவந்ததே. ஆக, விலையுயர்ந்த பெட்டிக்குள் இருக்கும் கருத்து, சுண்ணக்கட்டிக்குள்ளும் இருக்கிறது.

உண்மைப் பொறியே வேண்டா என்பது நம் கருத்தன்று. நேரே செல் என்று கட்டளையிட்டாலும் பொறி சற்றே கோணிச் செல்லும், சக்கரம் வழுக்கும், மின்கலம் தளர்ந்தால் வேகம் குறையும். தாளில் சரியானது தரையில் தவறுவதைக் கண்டறிதலும் கல்வியே. ஆதலின் திரட்டிய பணத்தில் விலை குறைந்த சிறு ரோபோக்கள் இரண்டை வாங்குவோம். அவை கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே துயிலாமல், வகுப்பு வகுப்பாகச் சென்று எல்லாப் பிள்ளைகளின் கையிலும் தவழட்டும். மாணவியரைச் சுவரொட்டி வரைய அனுப்பிவிட்டு மாணவர் மட்டும் பொறியைத் தொடும் வழக்கமும் வேண்டா.

கட்டளைகளைத் தமிழில் எழுதியது ஏன் என்று ஒரு பெற்றோர் வினவினார். சிந்தனை எம்மொழியில் எழுகிறதோ அம்மொழியிலேயே பிழையும் புலப்படும். ‘திரும்பு’ என்பதன் பொருளை ஆராய்ந்த பிள்ளைக்கு அதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கற்க ஒரு நொடி போதும்.

விளையாட்டால் பாடம் கெடும் என்பார்க்கு ஒன்று கூறுவோம். பிழை திருத்தப்பட்ட கணக்கேட்டைப் பெற்றவுடன் பிள்ளைகள் அதனை மூடி வைக்கின்றனர். முட்டி நின்ற ரோபோவையோ அவர்கள் விடுவதில்லை. எந்த அட்டையில் பிழை என்று தேடுகின்றனர். பிழை இழிவன்று, தேடத்தக்க பொருள் என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அது கணக்கிற்கும் உதவும், கட்டுரைக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும். நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்திலும் 2017 முதல் கணிமைச் சிந்தனை இடம்பெற்றிருத்தலால், இது பாடத்திற்குப் புறம்பானதும் அன்று.

பெற்றோர்களே! வரும் ஆண்டில் ஒவ்வொரு மாணவர்க்கும் பத்து மணி நேரம் ஒதுக்கித் தர ஆசிரியர்களாகிய நாம் அணியமாக உள்ளோம். உங்கள் இசைவும் துணையும் வேண்டுகின்றோம். ஞாயிற்றுக்கிழமை ஓய்விலிருக்கும் தந்தையர் பள்ளிக்கு வந்து, தாம் ஆலையில் கண்ட பொறிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கவும் வேண்டுகின்றோம். கோப்பை வருமாயின் மகிழ்வோம். வாராவிடினும், வாசிக்கத் திணறிய அம்மாணவன் அட்டையைக் கையில் ஏந்தி ‘பிழை இங்கேதான், ஐயா’ என்று சொன்ன அந்த நாள் நமக்குப் போதும்.