ஆய்வாளரின் கேள்விக்கும் இடம் வேண்டும்

1959இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய காமன்வெல்த் கல்வி மாநாட்டில் உருவான உதவித்தொகைத் திட்டத்தின் கீழ் பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கோ முனைவர் பட்ட ஆய்வுக்கோ விண்ணப்பிப்போர், தங்கள் படிப்பு தாய்நாட்டின் வளர்ச்சிக்கு எவ்வாறு பயன்படும் என்பதை எழுதித் தர வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பவும் வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் திட்டத்துக்கு இந்நிபந்தனை நியாயமானதே. ஆனால் சுகாதாரம், தொழில்நுட்பம், நல்லாட்சி என முன்கூட்டியே வகுத்த கருப்பொருள்களுக்குள் ஆய்வு அடங்க வேண்டும் என்னும்போது, வங்கதேசக் கடலோர வயல்களில் உப்பேறுவதை ஆராய விரும்புபவருக்குத் திறக்கும் கதவு, கென்யாவின் வாய்மொழிக் கதைகளையோ தூய கணிதத்தையோ நாடுபவருக்கு எளிதில் திறப்பதில்லை. உடனடிப் பயன் கருதாத அடிப்படை ஆய்வும் வளரும் நாடுகளுக்குத் தேவை. திரும்பி வருவோரில் பலருக்கு ஆய்வுக்கூடமோ நிதியோ கிடைக்காமல் போவது இன்னும் வருந்தத்தக்கது. தொடங்கிய ஆய்வைத் தொடரும் வசதியை அவர்களுக்கு உறுதிசெய்வது தாய்நாட்டு அரசுகளின் கடமை.